இனப்பெருக்க உறுப்பு மாதிரிகள்: பள்ளி ஆய்வகத்துக்கு எதை வாங்கலாம், எதில் ஏமாறுவோம்

ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் இனப்பெருக்க உறுப்பு மாதிரி வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எடுத்து வைப்பார்கள். பலகையில் ஒட்டிய பெண் உறுப்புகளின் முன்பக்கத் தோற்றம் ஒன்று. இடுப்பை நடுவில் நீளவாக்கில் பிளந்து காட்டும் வெட்டுமுகம் இன்னொன்று. இது ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. மூன்றாவது, கரு வளரும் படிநிலைகளின் தொகுப்பு. ஹரியானாவின் அம்பாலாவில் செய்யப்பட்டவை நம் பள்ளிகளில் நிறைய இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளில் ஜெர்மனித் தயாரிப்புகளையும் பார்க்கலாம்; அங்குள்ள சோம்சோ நிறுவனம் 1876 முதல் உடற்கூறு மாதிரிகள் செய்துவருகிறது.

எத்தனை பாகம் கழற்றலாம், எவ்வளவு பெரிது, பெயிண்ட் எப்படிப் பளபளக்கிறது என்பதைத்தான் விற்பவர் சொல்வார். நாங்கள் வேறொன்றைப் பார்க்கிறோம். இந்த மாதிரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பதினைந்து வயதுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றி எதைத் தவறாக நம்பிக்கொண்டு போகும்? அந்தத் தவறு பல நேரம் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. திருமணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், சிறுநீரும் மாதவிடாய் இரத்தமும் ஒரே துவாரம் வழியாக வருவதாக நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் படிக்காததால் அல்ல. அவர்களுக்குக் காட்டப்பட்ட படத்தில் சிறுநீர்ப்பையே இல்லை.

பலகை மாதிரி

விலை குறைவு, சுவரில் மாட்டலாம், பாடநூல் படத்தோடு அப்படியே பொருந்தும். அதனாலேயே அதிகம் விற்கிறது. தனியாக இதை மட்டும் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதல் குறை கருப்பையின் நிலை. பலகையில் கருப்பை நெட்டுக்குத்தாக நிற்கும், இரண்டு கருக்குழாய்களும் கையை விரித்தாற்போலப் பக்கவாட்டில் நீளும். உடம்புக்குள் அப்படி இல்லை. பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்னோக்கிச் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படிந்திருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதுவும் இயல்புதான், நோயல்ல. ஸ்கேன் அறிக்கையில் கருப்பை பின்சாய்வு என்று பார்த்ததும் குழந்தை பிறக்காதோ என்று கலங்குகிறவர்களுக்கு இதை யாரும் முன்பே காட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கருக்குழாயின் முனை. மலிவான பலகைகளில் குழாயின் விரல் போன்ற நுனிகள் சினைப்பையோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். முட்டை ஒரு மூடிய குழாய்க்குள் நேராக வழுக்கி விழுவது போலத் தோன்றும். உண்மையில் சினைப்பைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி உண்டு. முட்டை சினைப்பையின் மேற்பரப்பைப் பிளந்து வெளியே வரும்; நுனி விரல்கள் சினைப்பையின் மேல் தவழ்ந்து அதை அள்ளிக்கொள்ளும். குழாயின் நீளம் 10 முதல் 12 செ.மீ. கருப்பையை ஒட்டிய பகுதியில் உள்துளை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகல். வெளிப்புற நுனியை நெருங்கும் பகுதி அகலம். கருவுறுதல் அந்த அகலமான பகுதியில்தான் நடக்கிறது, கருப்பைக்குள் அல்ல. கருவுற்ற முட்டையைக் குழாயின் உள்சுவர் முடிகள் தள்ளிக்கொண்டு வந்து கருப்பையில் சேர்க்க மூன்று நான்கு நாள் ஆகும். அது சுவரில் பதியத் தொடங்குவது ஆறாம் நாள் வாக்கில். கிருமித் தொற்றால் அந்த முடிகள் சேதமானாலோ குழாய் ஒட்டிக்கொண்டாலோ கரு நடுவழியில் நின்று அங்கேயே வளரும். கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குழாயில் தங்குபவைதான். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை விளக்க, குறுகலும் அகலமும் வேறுபடுத்திக் காட்டிய குழாய் வேண்டும். ஒரே தடிமனில் பைப் போல வார்த்திருந்தால் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருப்பையின் உள்ளறையும் பலகையில் பெரிய முக்கோணப் பள்ளமாகத் தெரியும். முன்னிருந்து பார்த்தால் முக்கோணம் என்பது சரி. ஆனால் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். நடுவே காலி இடம் கிடையாது. கர்ப்பமில்லாத கருப்பை சுமார் 7.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமன். பலகையில் இரண்டு மடங்கு பெரிதாக்கியிருப்பார்கள். அதை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். வாங்கினால் பக்கத்திலேயே உண்மை அளவில் ஒரு அட்டை வெட்டி ஒட்டுங்கள். இவ்வளவு சின்ன உறுப்பா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது ஒன்பது மாதத்தில் ஒரு கிலோ எடைக்குத் தசை வளர்த்துக்கொண்டு, சுமார் ஐந்து லிட்டர் கொள்ளும் அளவுக்கு விரிகிறது என்று அப்போது சொன்னால்தான் அந்த உறுப்பின் திறமை புரியும்.

பெண் இடுப்பின் வெட்டுமுகம்

ஒரு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள். முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கருப்பையும் யோனியும், பின்னால் மலக்குடல் என்ற வரிசை ஒரே பார்வையில் தெரிகிறது. மூன்று துவாரங்கள், மூன்று தனி வழிகள். சிறுநீர்க் குழாய் பெண்ணுக்கு 4 செ.மீ. மட்டுமே, ஆணுக்கு 20 செ.மீ. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏன் எளிதில் வருகிறது, மலம் கழித்தபின் ஏன் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. விரலை வைத்துக் காட்டினால் போதும்.

கருப்பை வாய் யோனிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை இந்த மாதிரி நன்றாகக் காட்டும். அதன் நடுத்துளை சில மில்லிமீட்டர்தான். மாதவிடாய்க் கப் உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்ற பயத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது: யோனி 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள, மேல்முனை மூடிய வழி. கப் அதைத் தாண்டி எங்கும் போக முடியாது. கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றிய பயமும் இதே போன்றதுதான். 380ஏ வகை 36 மி.மீ. நீளம், 32 மி.மீ. அகலம். அதைக் கருப்பை அறைக்குள் வைத்துக் காட்டினால் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பேச்சு அடங்கும். போடும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு, ஆனால் மிக அரிது. அதனால்தான் பயிற்சி பெற்றவர் முதலில் கருப்பையின் சாய்வையும் ஆழத்தையும் பார்த்துவிட்டுப் போடுகிறார்.

இனி குறைகள். நடுவில் பிளந்த மாதிரியில் இரட்டை உறுப்புகள் ஒற்றையாகத் தெரியும். ஒரு சினைப்பை, ஒரு குழாய். பிள்ளைகள் அப்படியே வரைந்தும் வைப்பார்கள். ஆகவே பாகத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. யோனி திறந்த குழாயாக இருப்பதும் தவறு. உண்மையில் சுவர்கள் ஒட்டியே இருக்கும், தேவைப்படும்போது விரியும். அதன் உள்ளே லாக்டோபாசிலஸ் என்ற நன்மை செய்யும் கிருமிகள் அமிலத்தன்மையை 3.8 முதல் 4.5 பிஎச் அளவில் காத்துவருகின்றன. உள்ளே சோப்போ வாசனைத் திரவமோ ஊற்றிக் கழுவினால் அந்தக் காவல் கெடும். எந்த மாதிரியிலும் இதைக் காட்ட முடியாது, ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும்.

கன்னித்திரையைக் கட்டாயம் சோதித்து வாங்குங்கள். சில தயாரிப்புகளில் யோனி வாயை முழுக்க மூடிய தட்டாக அதை வார்த்திருக்கிறார்கள். இது ஆபத்தான பொய். கன்னித்திரை யோனி வாயின் ஓரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு மடிப்பு. பிறை, வளையம், ஓரம் கிழிந்தது போன்றது என்று ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். முழுக்க மூடியிருந்தால் அது மாதவிடாய் இரத்தம் வெளியேற முடியாத பிறவிக் குறை. சிறு அறுவை செய்ய வேண்டும். கன்னித்திரையைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டிருக்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில், யோனிக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்த பிறகும், மூடிய தட்டைக் காட்டிப் பாடம் நடத்துவதை நாங்கள் ஏற்கவில்லை.

அடுத்தது கிளிட்டோரிஸ், பெண்ணின் இன்ப உணர்வுக்கான உறுப்பு. எங்கள் கைக்கு வந்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் அது வெளியே ஒரு சின்ன மணி. சிலவற்றில் அதுவும் இல்லை. வெளியே தெரிவது நுனி மட்டுமே. உள்ளே வளைந்த தண்டும், அதிலிருந்து பிரிந்து இடுப்பெலும்பின் இரு ஓரமும் பற்றிச் செல்லும் இரண்டு கால்களும், யோனி வாயின் இருபுறமும் இரண்டு குமிழ்களும் உண்டு. கருவில் ஆண்குறியாக வளரும் அதே திசுதான் பெண்ணுக்குக் கிளிட்டோரிஸாக வளர்கிறது. அதுபோலவே இரத்தம் நிறைந்து விறைக்கவும் செய்யும். ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கோபெல்ட் 1844இலேயே இதை விரிவாக வரைந்துவிட்டார். பிறகு நூல்களிலிருந்து காணாமல் போனதை, ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் மீண்டும் அறுத்துப் பார்த்து எழுதினார். 2016இல் பிரான்ஸின் ஒடில் ஃபியோ முப்பரிமாண அச்சுக்கான உண்மை அளவு வடிவத்தை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். ஊரில் முப்பரிமாண அச்சு வசதி இருந்தால் அதை எடுத்து வெட்டுமுகத்தோடு வையுங்கள். இல்லாவிட்டால் களிமண்ணில் செய்தாலும் போதும். ஒரு உறுப்பை மறைத்துவிட்டு மனித உடற்கூறு சொல்லிக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

ஆண் இடுப்பின் வெட்டுமுகம்

இதில் முதலில் பார்க்க வேண்டியது விந்துக் குழாயின் பாதை. விதையிலிருந்து கிளம்பி, தொடை இடுக்கு வழியே மேலேறி, இடுப்பெலும்பைத் தாண்டி உள்ளே சென்று, சிறுநீரகத்திலிருந்து வரும் நாளத்தைக் குறுக்கே கடந்து, சிறுநீர்ப்பையின் பின்புறம் இறங்கி, விந்துத் திரவம் சுரக்கும் விந்துப்பையின் குழாயோடு சேர்ந்து, சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரோஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து சிறுநீர்க் குழாயில் திறக்கிறது. நீளம் 30 முதல் 45 செ.மீ. மலிவான மாதிரியில் விதையிலிருந்து நேராக ஆண்குறிக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதை விலையே கேட்க வேண்டாம்.

ஏனென்றால் இந்தப் பாதை தெரிந்தால்தான் ஆண் கருத்தடை புரியும். குழாயை வெட்டும் இடம் விதைக்குச் சற்று மேலே, விதைப்பைத் தோலுக்கு அடியில். சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974இல் வகுத்த முறையில் கத்திக்கும் தையலுக்கும் வேலையில்லை. சிறு துளை போதும். விந்துத் திரவத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடு விந்துப்பைகளும், 20 முதல் 30 விழுக்காடு புரோஸ்டேட்டும் தருபவை. விதையிலிருந்து வருவது சில விழுக்காடுதான். ஆகவே வெட்டியபின்னும் வெளிவரும் அளவு மாறியதாகத் தெரியாது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் விதையிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது, இந்தக் குழாய் வழியே போவதில்லை. அதனால் விறைப்பும் ஆசையும் பலமும் குறைய வழியே இல்லை. வெட்டுக்கு அப்பால் ஏற்கெனவே போய்விட்ட அணுக்கள் தீரும்வரை மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டதால்தான் ஆப்பரேஷன் பலிக்கவில்லை என்ற பேச்சு பல இடங்களில் கிளம்புகிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2019–21இல் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருந்தார்கள். ஆண் கருத்தடை 0.3 விழுக்காடு. எளிமையான அறுவை ஆணுடையது, சுமப்பது பெண். வகுப்பில் இரண்டு வெட்டுமுகத்தையும் அருகருகே வைத்து, இரண்டு அறுவைக்கும் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று மாணவர்களையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விதை கழன்று இரண்டாகத் திறக்க வேண்டும். திறக்காத வெறும் உருண்டை எதையும் சொல்லாது. உண்மை விதை 4 முதல் 5 செ.மீ. நீளம், உள்ளே 200க்கு மேற்பட்ட அறைகள், அவற்றில் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்கள். விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற சுருண்ட குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர். தையல் நூலை ஆறு மீட்டர் வெட்டி, விரல் நீளத்துக்குள் சுருட்டி மாதிரியில் ஒட்டுங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 64 முதல் 74 நாள், அதன்பின் எபிடிடைமிஸில் முதிர மேலும் சில நாள். காய்ச்சல் வந்தபின் எடுத்த விந்துப் பரிசோதனை மோசமாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதும் காரணத்தோடுதான்: உடல் வெப்பத்தைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு உற்பத்தி நடக்கும். இடது விதை சற்றுத் தாழ்ந்திருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. நல்ல மாதிரியில் அந்த உயர வேறுபாடு இருக்கும். யாரிடமும் கேட்கத் தயங்கும் பையனுக்கு அதுவே பதில்.

புரோஸ்டேட்டின் நடுவே சிறுநீர்க் குழாய் புகுந்து போவது தெளிவாகத் தெரிய வேண்டும். வயதானவர்களுக்கு அது பெருத்து, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவதன் காரணம் அங்கே இருக்கிறது. விந்து வெளிவரும்போது சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுக மூடிக்கொள்வதால் இரண்டும் கலப்பதில்லை என்பதையும் அதே இடத்தில் காட்டலாம்.

மாதிரியால் காட்ட முடியாதவை

அளவும் காலமும் எந்தப் பிளாஸ்டிக்கிலும் வராது. முட்டையைப் பட்டாணி அளவில் வைத்திருப்பார்கள்; உண்மையில் அது 0.1 மி.மீ., கூர்ந்து பார்த்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் புள்ளி. விந்தணு வாலோடு சேர்த்து அதில் பாதி நீளம்தான். பிறக்கும்போது சினைப்பைகளில் பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகள், பூப்பின்போது மூன்று நான்கு இலட்சம். வாழ்நாளில் வெளிவருவது சுமார் நானூறு. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வாழும். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். எனவே கருத்தரிக்கும் நாட்கள் முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அன்றைய தினமும். பதினான்காம் நாள் என்று எல்லோருக்கும் ஒரே கணக்குச் சொல்வது தவறு. முட்டை வந்தபின் அடுத்த மாதவிடாய்வரை ஏறக்குறைய 14 நாள். சுழற்சி 21 நாளோ 35 நாளோ, மாறுவது முன்பாதிதான்.

கருப்பை உட்சுவர் மாதிரியில் ஒரே தடிமனில் இருக்கும். 2 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு கம்பளித் துணித் துண்டுகளை வெட்டி, மாதவிடாய் முடிந்த நாளுக்கு ஒன்றையும் அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய நாளுக்கு ஒன்றையும் உள்ளே வைத்துக் காட்டுங்கள். இரத்த இழப்புக்கு மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கிண்ணம் போதும். ஒரு மாதவிடாயின் சராசரி 30 முதல் 40 மி.லி.; 80க்கு மேல் போனால் அதிகம், இரத்தசோகை வரும், மருத்துவரிடம் போக வேண்டும்.

கரு வளர்ச்சித் தொகுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பாகத் தொகுப்பு பார்க்க அழகு, பாடத்துக்கு அவசியமில்லை. வாங்கினால், வாரக் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்தா கருவுற்ற நாளிலிருந்தா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இரண்டு வார வேறுபாடு. மருத்துவமனையில் சொல்லும் 40 வாரம் முதல் கணக்கு.

வாங்கும் முறை, பராமரிப்பு

கடையிலேயே எல்லாப் பாகத்தையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் முளையில் பொருந்துபவை ஓராண்டுக்குள் முறியும். உலோக முளையோ காந்தமோ உள்ளவை நிலைக்கும். கழன்று உள்ளே விழுந்த காந்தத்தை ஒட்டும்போது முனை திரும்பிவிட்டால் பாகம் ஒட்டாமல் தள்ளும், அதற்குமுன் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள். உடையாத பிவிசியும் வேண்டும், மேலே பூசிய நிறத்தைவிடப் பொருளிலேயே கலந்த நிறமும் வேண்டும். ஃபைபர் கிளாஸ் பளபளக்கும், ஆனால் விளிம்பு சிதறினால் கையைக் கிழிக்கும். எண்களை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் ஈரத்தில் உரிந்துவிடும், பொறித்திருக்க வேண்டும். எண்களுக்கான விளக்கத்தாள் தமிழில் அபூர்வமாகத்தான் வருகிறது. நீங்களே எழுதி லேமினேட் செய்துவிடுங்கள்.

தின்னர், ஸ்பிரிட், பினாயில் எதுவும் வேண்டாம், நிறம் கரையும். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். சன்னல் ஓரத்து வெயிலில் பிவிசி பிசுபிசுக்கும். ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினாலும் நிறம் மாறி ஒட்டும். நடுவில் வெள்ளைப் பருத்தித் துணி விரியுங்கள், அச்சிட்ட செய்தித்தாள் வேண்டாம். வாங்கும்போதே விதை, சினைப்பை, கருப்பைப் பாதி ஆகிய மூன்றுக்கும் உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் காணாமல் போவது இந்த மூன்றும்தான்.